பாட்டிக்கு ஒரு டிஆர் ட்ரில்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணியிலிருந்து ஞாயிறு காலை நாலு மணி வரைக்கும் எனக்கு ஆபீஸில் ஆணி. வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும் சமாச்சாரம் இது. டிஆர் ட்ரில் என்று பெயர். அதாவது டிசாஸ்டர் ரெக்கவரி. பொட்டி தட்டும் மக்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஊரில் இருக்கும் எங்கள் சர்வர் எல்லாம் ஒரே நாளில் மண்டையைப் போட்டுவிட்டால், இன்னொரு ஊரில் இருக்கும் சர்வர்கள் எத்தனை நிமிஷத்தில் அந்த வேலையை எடுத்துச் செய்யும் என்று ஒரு பொய் விபத்தை உண்டாக்கிப் பார்ப்பது. யாருக்கு முதலில் போன் போடணும், அவர் எடுக்கலைன்னா அடுத்து யாரு, எந்த கமாண்டை யார் அடிக்கணும், எல்லாம் நாற்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை 47 நிமிஷத்தில் முடித்தோம். மேனேஜர் சந்தோஷத்தில் பீட்சா வாங்கிக் கொடுத்தார்.

காலையில் கண்ணெல்லாம் எரிய வீட்டுக்கு வந்தால், வாசலில் பாட்டி. (அப்பாவோட அம்மா. எண்பத்திரண்டு வயசு, சர்க்கரை, முழங்கால் வலி, ஆனா காது மட்டும் பாம்புக் காது.)

"ராத்திரி பூரா என்னடா வேலை?"

"வெள்ளம் வந்தா கம்ப்யூட்டருக்கெல்லாம் என்ன ஆகும்னு ஒத்திகை பாத்தோம் பாட்டி."

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கம்ப்யூட்டருக்கா?" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தக் "கம்ப்யூட்டருக்கா"வில் இருந்தது என்னன்னு புரியணும்னா நீங்க கொஞ்சம் கொசுவத்தியைச் சுத்தணும்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் ரோட்டில் போய் உள்ளே திரும்பும் ஒரு தெருவில். கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். 2015 டிசம்பரில் நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், ஹாஸ்டலில் இருந்தேன். மழையால் செமஸ்டர் பரீட்சையைத் தள்ளி வைத்திருந்தார்கள், நாங்கள் எல்லாம் அந்த சந்தோஷத்தில் இருந்தோம். டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா போனில், "விடாம பேயுது, கரண்ட் போயிடுச்சு, சார்ஜ் இல்ல, வைக்கிறேன்" என்றார். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

டிவியில் தாம்பரத்தைக் காட்டினார்கள். 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை என்றார்கள். படகு காட்டினார்கள், ஏர்போர்ட் ஓடுதளத்தில் தண்ணீர் காட்டினார்கள். என் வீட்டை மட்டும் யாரும் காட்டவில்லை. அப்பா நம்பர், அம்மா நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், மாறி மாறி அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப், தொடர்பு எல்லைக்கு வெளியே, ஸ்விட்ச் ஆஃப். ரெண்டு நாளில் ஒரு முந்நூறு தடவை அடித்திருப்பேன். ஹாஸ்டலில் என் ரூம்மேட் (கடலூர்க்காரன், அவன் ஊரில் நவம்பரிலேயே வெள்ளம் பார்த்தவன்) என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டு சாப்பிடக் கூட்டிப் போனான்.

அந்த ரெண்டு நாள் வீட்டில் நடந்ததை அப்புறம் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் நடுவிலேயே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் ஒரு தடவை மூழ்கியாச்சு. விமானப்படை ஹெலிகாப்டர் வந்து ஆட்களைத் தூக்கியது அப்போதுதான். அந்தத் தடவை எங்கள் வீட்டில் தண்ணீர் கடைசிப் படி வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. அதுதான் வினையாய்ப் போச்சு. டிசம்பர் 1 ராத்திரி கேட் வரைக்கும் தண்ணீர் வந்தபோது மாடி வீட்டு அண்ணன் இறங்கி வந்து, "சார், பாட்டியை மட்டுமாவது மேல கூட்டிட்டு வந்துடுங்க" என்றாராம். அப்பா, "போன மாசமே இந்தப் படியைத் தாண்டல தம்பி, பாத்துக்கலாம்" என்றாராம். போன மாச வெள்ளத்தை அப்பா ஸ்கேல் மாதிரி வைத்து அளந்திருக்கிறார். (அந்த அக்டோபரில்தான் அந்த அண்ணனுக்கு வாடகையை ஐந்நூறு ரூபாய் ஏற்றியிருந்தார் என்பது உபரித் தகவல். மேல போகத் தயங்கினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அப்பா ஒத்துக்க மாட்டார்.)

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அது வந்தது பாத்ரூம் ஓட்டை வழியாக. ராத்திரி ஒரு மணிக்கு நாற்றத்தில்தான் அம்மா எழுந்திருக்கிறார். மூன்று மணிக்கு இடுப்பு. அப்பாவும் மாடி வீட்டு அண்ணனும் பாட்டியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மாடிப்படியில் தூக்கிப் போயிருக்கிறார்கள். பிரிட்ஜ் மல்லாந்து ஹாலில் மிதந்ததாம். அம்மா அதற்குள் புத்திசாலித்தனமாகப் பாட்டியின் இன்சுலினை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்.

இதில்தான் எனக்கு இன்னும் ஆற்றாமை. மருந்து கையில் இருந்தது, ஊசி இருந்தது. ஆனால் "பிரிட்ஜ் இல்லாம கெட்டுப் போயிருக்கும், கெட்ட மருந்தைப் போட்டு ஏதாவது ஆயிடுச்சுன்னா" என்று பயந்து மூன்று நாள் போடவே இல்லை. திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் கடும் வெயில் படாத சாதாரண அறைச் சூட்டில் நாலு வாரம் வரைக்கும் தாங்கும். திறக்காததைத்தான் பிரிட்ஜில் வைக்கணும். பிரிட்ஜ் இல்லாத ஊர்களில் மண்பானைத் தண்ணீருக்குள் பத்திரமாக வைப்பார்கள். அன்றைக்குப் பெய்த மழையில் வீடே மண்பானை மாதிரித்தான் குளிர்ந்து கிடந்தது. இது எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. மருந்துச் சீட்டு எழுதிய டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பாட்டிக்கு நினைவு தப்ப ஆரம்பித்து, படகில் ஏற்றி, குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை ஐந்நூறுக்கு மேலே. பிழைத்தது பெரிய விஷயம். (உங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால், உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் கணக்கு என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டு டப்பா மேலேயே எழுதி வையுங்கள். ரெண்டு நிமிஷ வேலை.)

இந்த இடத்தில் ஒரு சின்ன பூகோளப் பாடம். 2015 வெள்ளம் என்றாலே எல்லாரும் செம்பரம்பாக்கம் என்பார்கள். அன்றைக்கு அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது, அடையாற்றுக் கரை முழுக்க மூழ்கியது, பிற்பாடு தணிக்கை அறிக்கையே அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது, எல்லாம் வாஸ்தவம். ஆனால் செம்பரம்பாக்கம் உபரித் தண்ணீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது இன்றைக்கும் தெரியாது. 2023இல் கூட டிவியில் செம்பரம்பாக்கம் மட்டத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் திறக்கல, பயமில்ல" என்று ஒரு மாமா தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். தப்பான சர்வரை மானிட்டர் பண்ணுகிற மாதிரி. நீங்கள் எந்த ஏரிக்குக் கீழே குடியிருக்கிறீர்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களுக்கு வேற கதை. அவர்கள் தண்ணீர் வடிகிற சதுப்பு நிலத்திலேயே குடியிருக்கிறார்கள்.

சரி, எனக்குத் தகவல் எப்படி வந்தது? மதுரையிலிருந்து.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா மார்பளவு தண்ணீரில் நடந்து, தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மளிகைக் கடையில் லேண்ட்லைன் வேலை செய்வதைக் கண்டுபிடித்திருக்கிறார். அப்போது சென்னையில் பல இடத்தில் பிஎஸ்என்எல்தான் பேசியது, ஒரு வாரம் இலவசம் என்று கூட அறிவித்தார்கள். கடைக்காரர் "ஒரு கால்தான் சார், பின்னாடி முப்பது பேர் நிக்கிறாங்க" என்றாராம். அப்பாவின் செல் செத்துப் போயிருந்தது. எல்லா நம்பரும் அதற்குள்தான். மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். மதுரையில் இருக்கும் அத்தை வீட்டு லேண்ட்லைன். இருபது வருஷமா மாறாத நம்பர். அத்தையிடம் மூன்று வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அத்தை தன் டயரியை எடுத்து வரிசையாக எல்லாருக்கும் அடித்தார். எனக்கு வந்தபோது ராத்திரி எட்டே கால். "எல்லாரும் மாடியில இருக்காங்கடா, அழாத" என்றார். நான் அழவில்லை என்று சொல்லலாம்தான். ரூம்மேட் இதைப் படிப்பான்.

பின்னாளில்தான் தெரிந்தது, இது உலகம் பூராவும் சொல்லிக் கொடுக்கும் வழி. அவசரத்தில் உள்ளூர் டவர் எல்லாம் திணறும், வெளியூருக்குக் கிடைக்கலாம். அதனால் குடும்பத்துக்கு ஒரு வெளியூர் ஆளை முன்னாலேயே நியமித்துவிடணும், எல்லாரும் அவருக்கே சொல்லணும், அவரிடமே கேட்கணும். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு இதற்கென்றே 171 என்று ஒரு நம்பர் வைத்தார்கள். அடித்து, உங்கள் குரலைப் பதிந்து வைத்தால் சொந்தக்காரர்கள் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டு 171 அத்தை. என்ன, தற்செயலா நடந்தது.

நம்ம பக்கத்திலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, சுனாமி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் நடத்தி வந்தது. கடல் எப்படி இருக்கு, அலை எவ்வளவு என்று தினமும் மைக் செட்டில் அறிவிப்பார்கள். அன்றைக்குக் காலையில் சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் போட்டார். தகவல் மையத்துக்கு வந்தது, மையம் மைக்கில் அலறியது, ஊர் ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் உயிரோடு இருந்தார்கள். அந்த மைக் செட்டு சுனாமிக்காக வைத்தது இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தினமும் பேசிப் பேசி, மைக் கத்தினால் காது கொடுக்கணும் என்று ஊருக்குப் பழகியிருந்தது. 2023 அக்டோபரில் அரசாங்கம் சோதனைக்காக எல்லார் செல்லிலும் எச்சரிக்கை மெசேஜ் அனுப்பினபோது எங்கள் ஆபீஸில் முந்நூறு போன் ஒரே நேரத்தில் அலறியது. அத்தனை பேரும் செய்தது ஒன்றுதான். ஓகே பட்டனை அமுக்கி வாயை மூட வைத்தோம்.

அந்த டிசம்பரிலேயே மிக்ஜாம் வந்தது. இந்தத் தடவை நான் வீட்டில். டிசம்பர் 3, ஞாயிறு மத்தியானமே பாட்டியை சேலையூரில் மேடான தெருவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். தண்ணீர் எங்கள் ஹாலுக்குள் முழங்கால் வரைதான் வந்தது, மெயினை முன்னாலேயே அணைத்தாச்சு, பிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றியாச்சு. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். ரெண்டாம் நாள் பால் வாங்கப் போனால் டவர் இல்லை, ஜிபே இல்லை. என் பர்ஸில் நாற்பது ரூபாய். ஏடிஎம் தண்ணீருக்குள். மாசம் கைநிறையச் சம்பளம் வாங்கும் நான், பால்கார அண்ணனிடம் "நாளைக்குத் தரேன்ணே" என்று நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா பேர்ல எழுதிக்கிறேன்" என்றார்.

இப்போதெல்லாம் மழை என்று வானிலைக்காரர்கள் வாயைத் திறந்தாலே வேளச்சேரி பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டு போய் நிறுத்துகிறார்கள். 2024 அக்டோபரில் பார்த்திருப்பீர்கள். குறை சொல்லவில்லை, நானே நண்பன் காரை ஏற்றி விட்டிருக்கிறேன். கார் எங்கே போகணும்னு எல்லார் வீட்டிலும் பிளான் இருக்கு. கார் ஓனரோட மாமியார் எங்கே போகணும்னு கேட்டா "பாக்கலாம்ங்க" என்கிறார்கள்.

நிற்க. வெள்ளம் மட்டுமே ஆபத்து என்று எங்கள் ஏரியாவே முடிவு பண்ணிவிட்டது. 2015க்கு அப்புறம் இந்தப் பக்கம் புதுசாக வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் கீழே பார்க்கிங், மேலே வீடு என்றுதான் கட்டுகிறார்கள். வெள்ளத்துக்கு நல்ல யோசனை. ஆனால் 2001 ஜனவரி குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் பொத்து பொத்தென்று விழுந்தது இந்த மாதிரிக் கட்டடங்கள்தான். மேலே சுவரெல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி இறுகிவிடும், கீழே வெறும் தூண்கள் மட்டும் நிற்கும். ஆட்டம் மொத்தமும் தூணில் இறங்கும். 2002இல் வந்த கட்டட விதி, இப்படிக் கட்டினால் கீழ்த் தூண்களைக் கூடுதல் வலுவோடு வடிவமைக்கச் சொன்னது. அதே 2002இல்தான் சென்னையை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். எங்கள் தெருவில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "தம்பி, மெட்ராஸ்ல எங்க நிலநடுக்கம்?" என்றார்.

எங்க என்றால்: 2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை மணி வாக்கில், புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ரிக்டரில் சுமார் ஐந்தரை. சென்னையில் நன்றாகவே தெரிந்தது. எனக்கு நாலு வயசு. அம்மா அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம், திரும்பி வந்தால் பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடு பூரா கேஸ் நாற்றம். 2012 ஏப்ரல் 11, சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம், இங்கே மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலே ஆடியது. நான் பள்ளியில், ரெண்டாவது மாடி. டெஸ்க் மேல் தண்ணீர் பாட்டில் தானாக நகர்ந்தது. யாரோ "ஓடுங்கடா" என்று கத்த, நூற்றைம்பது பேர் ஒரே படிக்கட்டில். நிலநடுக்கத்தால் எங்கள் பள்ளியில் ஒரு கீறல் கூட இல்லை. படிக்கட்டில் விழுந்து ஒருத்தனுக்குக் கை ஒடிந்தது. மாடியில் இருக்கும்போது ஆடினால் உறுதியான மேஜைக்கு அடியில் போய் தலையை மூடிக்கொண்டு அதன் காலைப் பிடித்துக்கொள்ளணும், ஆட்டம் நின்ற பிறகு இறங்கணும், லிப்ட் பக்கமே போகக் கூடாது. இதை எனக்கு முதன்முதலில் சொன்னது ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன், ஒரு தீயணைப்பு ஒத்திகையில். பள்ளி, காலேஜ் எல்லாம் சேர்த்துப் பதினாறு வருஷப் படிப்பில் யாரும் சொன்னதில்லை.

இப்போ அந்த "கம்ப்யூட்டருக்கா"வுக்கு வருவோம்.

பாட்டி சொன்ன அடுத்த வாரம் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்கும் ஒரு டிஆர் டாக்குமென்ட் தயார் பண்ணினேன். எக்செல் ஷீட், மூன்று டேப், கலர் எல்லாம் கொடுத்து. 112, 108, தீயணைப்பு 101, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. 2024இல் அரசு விட்ட டிஎன் அலர்ட் செயலியை எல்லார் போனிலும் போட்டேன். பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்து ஒரு பழைய டயரியை எடுத்துக் கொடுத்தார். ஏதோ ஒரு ஜவுளிக்கடை கொடுத்த 2016ஆம் வருஷ டயரி.

ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. எங்கள் தெரு முழுக்க, முப்பத்தொன்று வீடு. எத்தனை பேர், யாருக்கு என்ன மருந்து, யார் படுக்கையில் இருக்கிறார்கள், கைக்குழந்தை உண்டா, மாடி உண்டா, மாற்றுச் சாவி யாரிடம், ஏணி யாரிடம், யாருக்கு நீச்சல் தெரியும், நாய் கடிக்குமா, வெளியூரில் யாருக்குச் சொல்லணும். வாடகைக்கு ஆள் மாறினால் அடித்துவிட்டுப் புதுசாக எழுதியிருக்கிறார். சில பக்கங்களில் மூன்று நாலு தடவை அடித்திருந்தது. ரெண்டு வீட்டில் "தகவல் தர மறுப்பு" என்று எழுதி, பக்கத்தில் "எல்ஐசி ஏஜென்ட் என்று நினைத்துவிட்டார்கள், மறுபடி போகணும்" என்றிருந்தது.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

"எதுக்குப்பா இது?" என்று கேட்டேன். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் தெருமுனை வீட்டைப் பற்றிச் சொன்னார்.

அங்கே அப்போது ஒரு ரிட்டயர்டு தம்பதி இருந்தார்கள். மாடி கிடையாது. அந்த அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பிள்ளை வெளிநாட்டில். டிசம்பர் 2ஆம் தேதி சாயங்காலம் பையன்கள் தண்ணீர் டிரம்மைக் கட்டி மிதவை செய்து வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனபோதுதான் உள்ளே ஆள் இருப்பதே தெரிந்தது. பெரியவர் சாப்பாட்டு மேஜை மேல் மெத்தையைப் போட்டு மனைவியைப் படுக்க வைத்துவிட்டு, அவர் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தண்ணீரில் நின்றிருக்கிறார். பதினாலு மணி நேரம். ரெண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. பொங்கலுக்குள் வீட்டைக் காலி பண்ணிவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

"ராத்திரி மூணு மணிக்கு மொட்டை மாடியில நின்னு அந்த வீட்டைப் பாத்தேன்டா" என்றார் அப்பா. "டார்ச்சு கூட அடிச்சேன். சத்தம் எதுவும் இல்ல. சரி, ஊருக்குப் போயிட்டாங்க போலன்னு உள்ள வந்து படுத்துட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிடலாம்னா அவர் பேரு எனக்குத் தெரியல. பதினோரு வருஷமா ஒரே தெரு."

டயரியில் முதல் பக்கம் அந்த வீடுதான். பெரியவர் பெயர் எழுதி ஒரு கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே ரெண்டு பெயர் வந்து போய், இப்போது இருப்பவர்கள்: புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஐடி, எட்டு மாசக் குழந்தை, நைட் ஷிப்ட், மாற்றுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில். அந்த ஆணியில் தொங்கும் சாவி யாருடையது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்புறம் நான் என் எக்செல்லை மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ட்ரில். அப்பாதான் மேனேஜர். "மணி ஒன்பது, கேட்ல தண்ணி, கரண்ட் இல்ல, போன் இல்ல, ஆரம்பிங்க" என்றார். அம்மா மெயின் ஸ்விட்சுக்குப் பதிலாக இன்வெர்ட்டரை அணைத்தார். நான் டார்ச்சை எடுத்தால் உள்ளே பேட்டரி பொங்கி பச்சையாக இருந்தது. பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் ஸ்கேன் பண்ணி கிளவுடில் வைத்திருக்கேன் என்றேன். "போன் இல்லன்னு சொன்னேன்ல" என்றார் அப்பா. 2015இல் வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்கு நகல் வாங்க சிறப்பு முகாமில் வரிசையில் நின்றவர் அவர். இப்போது ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாம் மாடிக்குப் போயாச்சு, கூடவே சில்லறை நோட்டாக ஐயாயிரம் ரூபாயும். அது என் யோசனை. நாற்பது ரூபாய் அனுபவம்.

பாட்டி பதினேழு படி ஏற ஆறு நிமிஷம் ஆனது. நாற்காலியில் தூக்குகிறோம் என்றதற்கு, "அன்னிக்கு நீங்க தூக்கினதுல இடுப்பு ஒரு மாசம் வலிச்சுது" என்று மறுத்துவிட்டார். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே என்ன பாட்டி என்று பார்த்தால் வெத்தலைப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுப் புடவை, ஊசி, இன்சுலின். டப்பா மேல் மாத்திரைக் கடைப் பையன் எழுதிக் கொடுத்த தேதி. எல்லாம் தயாராகத்தான் வைத்திருக்கிறார்.

மொத்தம் 22 நிமிஷம். பீட்சா எல்லாம் கிடையாது. மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அப்பா என்னைப் பார்த்து, "அம்மா நம்பர் சொல்லு" என்றார்.

நான் பழக்க தோஷத்தில் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன்.

"போனைத் தொடாம சொல்லு."

முதல் நாலு நம்பர் வந்தது. அப்புறம் ஒரு ஏழு... இல்லை, ஒன்பதோ? அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையிலிருந்து பாட்டி, எஸ்டிடி கோடோடு சேர்த்து, மதுரை அத்தை நம்பரைக் கடகடவென்று சொல்லி முடித்தார்.

இப்போது தினமும் ராத்திரி சாப்பிட உட்காரும் முன் அஞ்சு நம்பர் ஒப்பிக்கணும் என்று உத்தரவு. நேற்று மாடி வீட்டு அண்ணன் நம்பரில் ஒரு எண் தப்பு. எனக்கு மட்டும் சட்னி கடைசியில்தான் வந்தது.